பள்ளிப் படிப்பு வாழ்க்கைக்கு உதவுமா? பெற்றோரும் பிள்ளைகளும் கேட்கும் கேள்விகள்

பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ முடிவுகள் வரும் மே மாதத்தில் எங்கள் ஊர் நூலகத்தில் மேற்படிப்பு ஆலோசனை சொல்ல உட்காருவேன். எந்தக் கல்லூரி, எந்த குரூப் என்று தொடங்கும் பேச்சு, கடைசியில் "இத்தனை வருஷம் படிச்சு இவனுக்கு என்னதான் தெரியுது?" என்பதில் வந்து நிற்கும். திரும்பத் திரும்பக் காதில் விழுந்த கேள்விகளை, கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். எல்லாமே தமிழ்நாட்டு மாநிலப் பாடத்திட்டத்தில் படிக்கும் பிள்ளைகளை மனதில் வைத்துச் சொன்ன பதில்கள்.

பன்னிரண்டு வருஷம் படிச்சிருக்கான். பேங்க்ல ஒரு சலான் நிரப்பத் தெரியலை. அப்புறம் எதுக்கு சார் பள்ளிக்கூடம்?

சலான் நிரப்புவது பத்து நிமிடத்தில் பழகிவிடும் வேலை. ஆனால் அதற்கு முன்பே மூன்று திறமை இருக்க வேண்டும். அச்சில் இருப்பதைப் படித்துப் புரிந்துகொள்ள வேண்டும். தொகையை எண்ணாலும் எழுத்தாலும் பிழையின்றி எழுத வேண்டும். புரியாத கட்டத்தைக் காட்டி "இங்கே என்ன எழுதணும்?" என்று கவுன்ட்டரில் இருப்பவரிடம் கேட்க வேண்டும். முதல் இரண்டையும் பள்ளிதான் தந்தது. அதைச் சாதாரணமாக எண்ணாதீர்கள். கைநாட்டு வைத்த தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமலே நிலத்தை இழந்த பெரியவர்கள் நம் எல்லோர் வீட்டுப் பேச்சிலும் இருக்கிறார்கள்.

குறை மூன்றாவதில்தான். வகுப்பில் சந்தேகம் கேட்டு "இவ்வளவு நேரம் எங்க பார்த்துட்டு இருந்தே?" என்று திட்டு வாங்கிய பிள்ளை, வங்கியிலும் தாலுகா ஆபீசிலும் வாயைத் திறக்காது.

அப்ப இந்த மாதிரி விஷயமெல்லாம் பாடப்புத்தகத்துலயே இல்லையா?

இருக்கிறது. பலருக்கு இது ஆச்சரியமாக இருக்கும். எட்டாம் வகுப்புக் கணக்கில் 'வாழ்வியல் கணிதம்' என்றே ஒரு இயல் உண்டு: சதவீதம், லாப நட்டம், தள்ளுபடி, ஜி.எஸ்.டி., கூட்டு வட்டி. பத்தாம் வகுப்புத் தமிழில் படிவம் நிரப்பும் பயிற்சி உண்டு. நூலக உறுப்பினர் படிவம், மேல்நிலை வகுப்புச் சேர்க்கை விண்ணப்பம் எல்லாம் வரும். பொதுத்தேர்வில் அது முழு மதிப்பெண் வாங்கித் தரும் கேள்வி என்று எல்லாப் பிள்ளைக்கும் தெரியும். தேர்தல், உள்ளாட்சி, நீதிமன்றம் எல்லாம் குடிமையியலில் இருக்கின்றன.

அதாவது, முந்தைய கேள்வியில் சலான் முன்னால் திகைத்து நின்ற பையன், படிவம் நிரப்பும் கேள்விக்கு முழு மதிப்பெண் வாங்கியவனாகவும் இருக்கலாம்.

புத்தகத்துல இருந்தும் ஏன் மண்டையில நிக்க மாட்டேங்குது?

படிவத்தைக் கைடில் உள்ள கற்பனைப் பெயர், கற்பனை முகவரியோடு மனப்பாடம் செய்கிறார்கள். புக் பேக் கேள்வி, புளூபிரிண்ட், ஒன் வேர்டு, ரிவிஷன் டெஸ்ட் என்று ஓடும் ஆண்டில் "இதை என் வீட்டில் எங்கே பார்த்திருக்கிறேன்?" என்று யோசிக்கப் பிள்ளைக்கு நேரமே கிடைப்பதில்லை. தேர்வு எதைக் கேட்கிறதோ அதைத்தான் வகுப்பு நடத்தும். இதில் ஆசிரியரை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. தேர்ச்சி விழுக்காட்டைக் கையில் வைத்துக்கொண்டு அவரிடமும் கணக்குக் கேட்கிறார்கள்.

இன்னொரு கசப்பான உண்மையும் உண்டு. பிள்ளைகளின் படிப்புத் திறனை அளக்கும் பிரதம் என்ற தொண்டு அமைப்பின் ஏசர் ஆய்வு, 2023ல் 26 மாநிலங்களின் கிராமப்புறங்களில் 14 முதல் 18 வயது வரை உள்ள 34,000க்கும் மேற்பட்டவர்களைச் சந்தித்தது. மூன்றிலக்க எண்ணை ஓரிலக்க எண்ணால் வகுக்கும் கணக்கை 43 சதவீதம் பேர்தான் சரியாகச் செய்தார்கள். குறைந்தது கழித்தலாவது தெரிந்தவர்களிடம் கடனைத் திருப்பிக் கட்டும் கணக்கைக் கொடுத்தபோது, பத்தில் ஒருவர் அளவுக்கே சரியான விடை வந்தது. இது 26 மாநிலங்களையும் சேர்த்த கணக்கு. ஆக, அடிப்படையும் பலவீனம். அடிப்படை இருந்தாலும் அதை வெளியில் பயன்படுத்தும் பழக்கம் அதைவிடப் பலவீனம்.

வட்டிக் கணக்கு எட்டாவதுலயே வந்துடுதுன்னா, பைக் லோன்ல ஏன் எல்லாரும் ஏமாறுறாங்க?

புத்தகத்தில் அசல், வட்டி வீதம், காலம் மூன்றையும் கொடுத்துவிடுவார்கள். சூத்திரத்தில் போட்டால் விடை. ஷோரூமில் மூன்றும் அப்படிப் பிரித்துக் கிடைக்காது. "மாசம் மூவாயிரம்தான் தம்பி, வட்டி வெறும் பத்து பர்சன்ட்" என்று ஒரே மூச்சில் சொல்வார்கள். இந்த ஒரு வாக்கியத்தைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால், முதல் சம்பளத்திலேயே கடனில் விழும் பிள்ளைகளில் பாதிப் பேர் தப்பித்துவிடுவார்கள் என்று நம்புகிறேன். அதனால் கணக்கை இங்கேயே போடுவோம்.

60,000 ரூபாய் கடன், இரண்டு ஆண்டு, 10 சதவீதம் 'ஃபிளாட்' வட்டி. ஆண்டுக்கு 6,000, இரண்டு ஆண்டுக்கு 12,000. மொத்தம் 72,000. அதை 24 மாதத்தால் வகுத்தால் மாதம் 3,000. கணக்கு சரியாகத்தான் தெரியும். ஆனால் ஒவ்வொரு தவணையிலும் அசலில் ஒரு பகுதியைத் திருப்பிக் கட்டிக்கொண்டே வருகிறீர்கள். கடைசி மாதத்தில் மூவாயிரத்துக்கும் குறைவான அசல்தான் பாக்கி. வட்டியோ இன்னமும் முழு அறுபதாயிரத்துக்குக் கணக்காகிறது. குறையும் அசலுக்கு 10 சதவீதம் என்றால் தவணை சுமார் 2,770 ரூபாய், மொத்த வட்டி சுமார் 6,450 ரூபாய்தான் வரும். 3,000 ரூபாய்த் தவணையைக் குறையும் அசல் முறைக்கு மாற்றிப் பார்த்தால் உண்மையான வட்டி ஆண்டுக்குச் சுமார் 18 சதவீதம். ஆகவே கேட்க வேண்டிய முதல் கேள்வி: "ஃபிளாட்டா, குறையும் அசலுக்கா?" இரண்டாவது: "வேறு என்னென்ன கட்டணம் பிடிப்பீர்கள்?" எல்லாச் செலவையும் சேர்த்த ஆண்டு வட்டி வீதத்தைக் காட்டும் விவரத்தாளைக் கையெழுத்துக்கு முன்பே தர வேண்டும் என்பது 2024 அக்டோபரிலிருந்து ரிசர்வ் வங்கியின் விதி. கேட்டு வாங்குங்கள்.

ஊர்க் கடனுக்கும் இதே எட்டாம் வகுப்புக் கணக்குதான். "நூத்துக்கு மூணு ரூபா வட்டி" என்றால் மாதத்துக்கு மூன்று. ஆண்டுக்கு 36 சதவீதம். "பத்து பைசா வட்டி" என்றால் ரூபாய்க்கு மாதம் பத்து பைசா, ஆண்டுக்கு 120 சதவீதம். கந்து வட்டியைத் தடுக்க 2003லிருந்தே தமிழ்நாட்டில் தனிச் சட்டம் இருக்கிறது. மிரட்டலுக்குப் பயந்து வீட்டுக்குள் மறைக்காமல் காவல் நிலையத்தில் புகார் கொடுக்கலாம் என்பதும் பிள்ளைக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

காமராஜர் என்ன பெரிய படிப்பு படிச்சார்? படிக்காதவங்கதான் முதலாளி ஆகுறாங்க, படிச்சவன் அவன்கிட்ட கைகட்டி நிக்கறான்.

காமராஜர் சிறுவயதிலேயே படிப்பை நிறுத்தியவர். அந்த வாழ்க்கையிலிருந்து அவரே எடுத்த முடிவு என்ன? ஊர் ஊராகப் பள்ளிகளைத் திறந்தார். பசியால் பிள்ளை பள்ளிக்கு வராமல் போகக் கூடாது என்று 1956ல் மதிய உணவுத் திட்டத்தைக் கொண்டுவந்தார். படிப்பில்லாமல் உயர்ந்தவர் படிப்பு வேண்டாம் என்று சொல்லவே இல்லை.

படிக்காமல் முதலாளியான ஒருவரை நாம் பார்க்கிறோம். அவரோடு அதே ஆண்டு பள்ளியை விட்டு நின்ற மற்றவர்கள் லோடு ஏற்றிக்கொண்டும் கொத்து வேலை செய்துகொண்டும் இருப்பதைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

பேசாம ஸ்கூல்லயே ஒரு கைத்தொழிலைக் கத்துக்கொடுத்துட்டா பிரச்சினை தீர்ந்துடுமே?

கேட்க நன்றாகத்தான் இருக்கும். நம் மண்ணில் இந்த யோசனைக்கு ஒரு வரலாறு உண்டு. அதைத் தெரிந்துகொண்டு பேச வேண்டும். 1937ல் வார்தாவில் காந்தி ஆதாரக் கல்வியை முன்வைத்தார். நூற்பது போன்ற ஒரு தொழிலின் வழியாகவே கணக்கு, மொழி எல்லாவற்றையும் கற்பிப்பது அதன் நோக்கம். 1953ல் சென்னை மாநில முதல்வராக இருந்த ராஜாஜி கொண்டுவந்த திட்டம் வேறு. கிராமத் தொடக்கப் பள்ளியில் ஒரு பிள்ளைக்குப் பாட நேரம் மூன்று மணி நேரமாகக் குறையும். மீதி நேரத்தில் வீட்டில் பெற்றோரின் தொழிலைப் பழகலாம். செருப்புத் தைப்பவர் பிள்ளை எதைப் பழகும், துணி வெளுப்பவர் பிள்ளை எதைப் பழகும் என்று யோசித்தாலே விளைவு தெரிந்துவிடும். 'குலக்கல்வி' என்று பெயர் வைத்துப் பெரியாரும் திராவிட இயக்கத்தாரும் எதிர்த்தார்கள். காங்கிரசுக்குள்ளும் எதிர்ப்பு வந்தது. 1954ல் காமராஜர் முதல்வரானதும் திட்டம் கைவிடப்பட்டது.

அந்த எதிர்ப்பு சரியானது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அதன் பிறகு நாம் இன்னொரு பக்கமாகத் தவறினோம்: கையால் செய்யும் வேலை எதுவுமே பள்ளிக்குள் வரக் கூடாதது போல ஆக்கிவிட்டோம். 1978ல் பிளஸ் டூ வந்தபோது தொழிற்கல்விப் பிரிவும் வந்தது. நடைமுறையில் அது மார்க் குறைந்தவர்களை அனுப்பும் இடமாகிவிட்டது. ஆசிரியர் ஓய்வு பெற்றதும் பிரிவையே மூடிவிட்ட பள்ளிகளும் உண்டு. என் கருத்து இதுதான்: ஃபர்ஸ்ட் குரூப் எடுத்தவர் உட்பட எல்லாப் பிள்ளையும் ஃபியூஸ் போடவும், குழாய்க்கு வாஷர் மாற்றவும், பட்டன் தைக்கவும், சோறு வடிக்கவும் பழக வேண்டும். ஆனால் பதினான்கு வயதில் எந்தப் பிள்ளைக்கும் "இதுதான் உன் தொழில்" என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

பத்தாவதோட ஐ.டி.ஐ.ல சேர்த்தா படிப்பு அதோட முடிஞ்சிடுமா சார்?

முடியாது. பத்தாம் வகுப்புக்குப் பிறகு இரண்டாண்டு ஐ.டி.ஐ. (தொழிற்பயிற்சி) முடித்தவர் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். டிப்ளமோ முடித்தால் பி.இ. இரண்டாம் ஆண்டில் சேரலாம். ஃபிட்டரும் எலக்ட்ரீஷியனும் அந்த வழியில் பொறியாளர் ஆகிறார்கள். பிள்ளைக்கு ஆர்வம் இருந்து போனால் நல்ல வழி. கோபத்தில் தண்டனையாக அனுப்பாதீர்கள்.

அரசாங்கம்தான் 'நான் முதல்வன்'னு ஒண்ணு வச்சிருக்கே, அது போதாதா?

2022 மார்ச் 1 அன்று தொடங்கிய திட்டம். பிளஸ் டூவுக்குப் பிறகு என்ன படிக்கலாம், எங்கே படிக்கலாம் என்று அரசுப் பள்ளிப் பிள்ளையின் காதில் விழவைத்ததே பெரிய காரியம். முன்பெல்லாம் பக்கத்து வீட்டு அண்ணன் சேர்ந்த படிப்பில் சேர்வதுதான் வழக்கம். ஆனால் அது வேலைக்கும் மேற்படிப்புக்குமான வழிகாட்டல். வாடகை ஒப்பந்தம் படிப்பதையோ ஊரில் நாலு பேர் முன் எழுந்து பேசுவதையோ அதனிடம் எதிர்பார்க்க முடியாது.

இதோடு ஒன்று. அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்து உயர்கல்வியில் சேரும் மாணவியருக்குப் 'புதுமைப் பெண்', மாணவருக்குத் 'தமிழ்ப் புதல்வன்' திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய், அவர்களுடைய வங்கிக் கணக்கிலேயே வருகிறது. ஏ.டி.எம். கார்டைப் பெற்றோர் வாங்கி வைத்துக்கொள்ளாமல் பிள்ளையையே வரவு செலவு எழுதச் சொல்லுங்கள். யு.பி.ஐ.யில் பணம் பெறுவதற்கு ரகசிய எண் தேவையே இல்லை, கேட்டால் மோசடி என்றும் பணம் பறிபோனால் உடனே சைபர் மோசடிப் புகார் எண் 1930 என்றும் அன்றே சொல்லிக்கொடுங்கள்.

தமிழ் மீடியத்துல போட்டதாலதான் இன்டர்வியூல பேச வரலையா?

இங்கிலீஷ் மீடியத்தில் படித்த பிள்ளைகளும் அதே நாற்காலியில் அதே போலத்தான் திணறுகிறார்கள். பள்ளியில் ஆங்கிலம் என்பது எழுதும் பாடம். பன்னிரண்டு ஆண்டில் ஒரு பிள்ளை சொந்தமாக யோசித்து ஐந்து நிமிடம் தொடர்ந்து பேசிய நாள் எத்தனை? தமிழிலேயே பேச வைத்ததில்லை. தாய்மொழியில் தன் கருத்தைக் கோவையாகச் சொல்லத் தெரிந்தவருக்கு ஆங்கிலம் சில மாதப் பயிற்சியில் வாய்க்கு வந்துவிடும். முதல் கேள்வியில் சொன்ன வாய் திறக்காத பழக்கம்தான் இங்கேயும் காலை வாருகிறது. மேலும், தமிழ் வழியில் படித்தவர்களுக்கு மாநில அரசு வேலைகளில் 20 சதவீத முன்னுரிமை இருக்கிறது. படித்த பள்ளியில் அதற்கான சான்றிதழை மறக்காமல் வாங்கி வையுங்கள்.

முதல் வேலை. ஒரிஜினல் சர்டிபிகேட்டைக் கொடுத்துட்டுப் போன்னு சொல்றாங்க. கொடுக்கலாமா அண்ணா?

காட்டுங்கள், கொடுக்காதீர்கள். சரிபார்த்ததும் கையோடு திரும்ப வாங்குங்கள். நகல் கொடுத்தால் போதும். கல்லூரிகள் கூட ஒரிஜினலைப் பிடித்து வைக்கக் கூடாது என்று யு.ஜி.சி. 2018ல் அறிவித்திருக்கிறது. கட்டண பாக்கிக்காகப் பள்ளிகள் டி.சி.யைப் பிடித்து வைப்பது கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றமும் 2024ல் சொன்னது.

வேலை நியமன ஆணை, மாதச் சம்பளச் சீட்டு இரண்டையும் கேளுங்கள். சீட்டில் பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) என்று பிடித்தம் இருந்தால் அதே அளவு முதலாளியும் போட வேண்டும், பி.எஃப். கணக்குக்கு உங்களுக்குத் தரும் யு.ஏ.என். எண்ணை வைத்துப் பணம் ஏறுகிறதா என்று நீங்களே பார்க்கலாம். தொழிலாளர் மருத்துவக் காப்பீடான இ.எஸ்.ஐ.க்கு உங்கள் பங்கு 0.75 சதவீதம், முதலாளி பங்கு 3.25 சதவீதம். இதுவும் சதவீதக் கணக்குதான், பள்ளியில் போட்டதுதான்.

பொட்டப்புள்ளைக்கு வாழ்க்கைப் பாடம்னா சமையல்தானே? அதை நாங்களே சொல்லித் தர்றோம்.

அம்மா, சமையலை உங்கள் பேரனுக்கும் சொல்லிக்கொடுங்கள். வேலைக்கு வெளியூர் போகும் பையனுக்குத்தான் அது உடனே தேவை. பேத்திக்குத் தன் பெயரில் கணக்கு, தன் சான்றிதழ்கள் எங்கே இருக்கின்றன என்ற விவரம், பஸ்ஸில் தனியாகப் போய்வரும் தைரியம் வேண்டும். பதினெட்டு வயதுக்கு முன் கல்யாணம் சட்டப்படி குற்றம், குழந்தைகள் உதவி எண் 1098க்கு யார் வேண்டுமானாலும் போன் செய்யலாம் என்பதும் அவளுக்குத் தெரிய வேண்டும்.

பெண் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் பாடம் மட்டும் சொல்லும் இடமல்ல. அங்கே இருக்கும் ஒவ்வொரு ஆண்டும் கல்யாணப் பேச்சு ஒரு ஆண்டு தள்ளிப்போகிறது. மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரில் திருமண உதவியாக இருந்த திட்டத்தைத்தான் 2022ல் உயர்கல்வி உதவியாக மாற்றிப் 'புதுமைப் பெண்' ஆக்கினார்கள். அந்த மாற்றத்தை நான் மனதார வரவேற்கிறேன்.

ஃபெயில் ஆனா பிள்ளைங்க தாங்க மாட்டேங்குது. தோல்வியைத் தாங்க ஸ்கூல் ஏன் கத்துத் தரலை?

இந்த ஒரு விஷயத்தில் பள்ளியும் வீடும் ஊரும் சேர்ந்தே தவறு செய்கின்றன. மாநில அளவில் முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிப்பதை அரசு 2017லேயே நிறுத்திவிட்டது. ஃபிளெக்ஸ் பேனர் மட்டும் நிற்கவில்லை. தேர்ச்சி பெறாதவருக்குச் சில வாரங்களிலேயே துணைத்தேர்வு வருகிறது, அதே ஆண்டில் கல்லூரியிலும் சேர முடிகிறது. விடைத்தாள் நகல், மறுகூட்டல், மறுமதிப்பீடு எல்லாம் உண்டு. இதை முடிவு வந்த பிறகு சொல்வதில் பயனில்லை. பிப்ரவரியிலேயே, வகுப்பில், பெற்றோரும் இருக்கும்போது சொல்ல வேண்டும். "என்ன மார்க் வந்தாலும் வீட்டுக்கு வா, சாப்பிடு, அப்புறம் பார்த்துக்கலாம்" என்று அப்பா ஒரு முறை வாய்விட்டுச் சொல்வதைவிடப் பெரிய பாடம் எந்தப் புத்தகத்திலும் இல்லை. பிள்ளை சோர்ந்து ஒதுங்குவதாகத் தெரிந்தால் 104, 14416 என்ற ஆலோசனை உதவி எண்களில் எந்த நேரமும் பேசலாம்.

நான் டீச்சர். சிலபஸ் முடிக்கவே நேரமில்லை. இதுக்குத் தனியா ஒரு பீரியட் எங்கே போய் வாங்குறது?

தனி பீரியட் வேண்டாம் என்பதுதான் என் பதில். 'வாழ்க்கைத் திறன்' என்று புதிதாக ஒரு பாடம் வைத்தால் அதற்கும் கைடு வரும், ஒன் வேர்டு வரும். இருக்கும் பாடத்தில் எடுத்துக்காட்டை மட்டும் மாற்றுங்கள். சதவீதத்துக்கு வீட்டுக் கரண்ட் பில்: இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம், அதற்கு மேல் படிப்படியாக விலை ஏறும்; ஒவ்வொரு பிள்ளையும் தன் வீட்டுப் பில்லைத் தானே சரிபார்க்கட்டும். வேதியியலுக்கு மாத்திரை அட்டையும் பூச்சிமருந்து டப்பா லேபிளும். தமிழில் படிவத்துக்குக் கற்பனைப் பெயர் வேண்டாம், சொந்த விவரத்தோடு உண்மையான வங்கிப் படிவம். பிளஸ் டூவில் பதினேழு முடிந்தவர்களுக்கு, வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கும் படிவம் 6. ஏற்கெனவே நடத்தும் அதே நாற்பது நிமிடத்தில் இவை அடங்கும்.

பி.இ.டி. என்னும் விளையாட்டு பீரியடை மட்டும் தயவுசெய்து வாங்கிக்கொள்ளாதீர்கள். தோற்றுவிட்டுக் கைகுலுக்கும் பழக்கம் வருகிற ஒரே வகுப்பு அதுதான்.

வசதியான வீட்டுப் பிள்ளைங்களுக்கு இதெல்லாம் யாரும் சொல்லாமலே தெரியுதே?

சொல்கிறார்கள், சாப்பாட்டு மேசையில் சொல்கிறார்கள். அப்பா வங்கியில் பேசுவதை, அம்மா ஆபீசில் விடுப்புக் கடிதம் எழுதுவதைப் பார்த்தே அந்தப் பிள்ளை வளர்கிறது. தெரியாததைக் கேட்க ஒரு மாமா இருக்கிறார், வக்கீலாகவோ ஆடிட்டராகவோ. முதல் தலைமுறையாகப் படிக்க வரும் பிள்ளைக்கு அந்த மாமா பள்ளிக்கூடம்தான். அதனால்தான் "பள்ளி தருவது ஏட்டுச் சுரைக்காய், நிறுத்திவிட்டு வேலைக்கு அனுப்பு" என்ற பேச்சை ஏற்க மாட்டேன். அந்தப் பேச்சைக் கேட்டு நின்றுவிடுவது எப்போதும் வசதியில்லாத வீட்டுப் பிள்ளைதான்.

வெளியுலகம் எப்படியோ அதுக்குத் தயார்படுத்தறதுதான் பள்ளின்னா, வெளியில சாதியும் இருக்கே? அதையும் பழகத்தானே வேணும்?

ஒரு பிளஸ் டூ மாணவர் இதைக் கேட்டார். நான் கேட்ட கேள்விகளிலேயே கனமானது இது. உலகம் இருக்கிறபடியே அதற்குப் பொருந்திப்போகப் பழக்குவது பள்ளியின் வேலை என்றால், ராஜாஜியின் 1953 திட்டத்தையும் ஏற்றுக்கொண்டிருக்க வேண்டும். பள்ளி தயார்படுத்த வேண்டிய வாழ்க்கை, அந்தப் பிள்ளைக்கு வாய்க்க வேண்டிய வாழ்க்கை. எந்தத் தெருவிலிருந்து வந்தாலும் ஒரே பெஞ்சு, ஒரே சோறு என்பதைப் பல பிள்ளைகள் பார்க்கும் முதல் இடமும், சிலருக்கு ஒரே இடமும் அதுதான்.

அந்த இடமும் கெட்டுப்போகிறது என்பதை 2023 ஆகஸ்டில் திருநெல்வேலி மாவட்டத்து நாங்குநேரியில் பார்த்தோம். பட்டியலின மாணவர் ஒருவரையும் அவருடைய தங்கையையும் உடன் படித்த மாணவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதைத் தொடர்ந்து அமைக்கப்பட்ட ஓய்வுபெற்ற நீதிபதி சந்துருவின் ஒரு நபர் குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளைத் தடுப்பது, பெயரின் அகர வரிசைப்படி மாணவர்களை உட்கார வைப்பது போன்றவை அதன் பரிந்துரைகள். உங்கள் பிள்ளை படிக்கும் பள்ளியில் வகுப்பில் யார் பக்கத்தில் யார் உட்காருகிறார்கள், மதியம் யாரோடு யார் சாப்பிடுகிறார்கள் என்று அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் எழுந்து கேளுங்கள். தேர்ச்சி விழுக்காட்டைக் கேட்கும் அதே உரிமையோடு கேளுங்கள்.